கைக்கு எட்டினது காலுக்கு எட்டணுமே!

கையால் வாசிக்கிற வாத்தியத்தைக் காலால் தெரிவு செய்ய வேண்டும் என்று சொன்னால் எங்கள் திருவிழாக் கமிட்டி நம்பாது. ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இசைக்குழு வைத்திருப்பவன் நான். அம்மன் கோயில் திருவிழாவுக்குப் புதிதாக ஒரு மொடலிங் அம்ப் வாங்குவதென்று கமிட்டி முடிவெடுத்தது. அந்த வினாடியிலிருந்து கிட்டாரைத் தொட்டே பார்க்காதவர்கள் எல்லோருக்கும் அம்ப் பற்றி அபிப்பிராயம் பிறந்துவிட்டது.

மொடலிங் அம்ப் ஒரு மிமிக்ரிக் கலைஞன். ஃபெண்டர், மார்ஷல், வொக்ஸ் என்று பழைய வால்வு அம்ப்கள் எப்படிக் குரல் கொடுக்குமோ, அதைக் கணக்குப் போட்டு ஒரே பெட்டிக்குள்ளிருந்து பேசிக் காட்டும். 1996இல் லைன் 6 கம்பனியின் அக்ஸிஸ் 212 தொடங்கிவைத்த வேலை இது. அதற்கு முன் மூன்று குரல் வேண்டுமென்றால் மூன்று பெட்டி வேண்டும். ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் ஒன்றே ஏறக்குறைய 29 கிலோ. பக்கத்து லூல்கந்துரவில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட காலந்தொட்டு இந்த மலையில் சுமை என்றால் அது நம்மாட்கள் தலையில்தான். ரோட்டிலிருந்து கோயிலுக்குப் படி ஏறவேண்டிய எனக்கு, 12 கிலோவுக்குள் அடங்குகிற கட்டானா 50 போன்ற அம்ப்தான் முதல் பார்வையிலேயே இனிமையாக ஒலித்தது. இன்னும் அதைப் போட்டே பார்க்கவில்லை.

கமிட்டித் தலைவர் மாமாவின் நியாயம் வேறு. "தம்பி, காசு ஒன்னுதான். எதுல கூட சாமான் இருக்கோ அத எடு." அவரைக் குறை சொல்ல முடியாது. 2024இல்தான் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய்க்கு வந்தது. அதிலிருந்து சந்தா கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். கட்டாரிலிருந்து வந்திருந்த தம்பி யூடியூப் பார்த்துவிட்டு, நூற்றுக்கு மேல் எஃபெக்ட் உள்ள அம்ப் ஒன்றைக் காட்டினார். மாமா அந்தப் பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். பட்டியல் முடியவில்லை, அவருக்குத் திருப்தி.

நான் மறுபக்கத்திலிருந்து கணக்குப் போட்டேன். ஒரு திருவிழா இரவுக்கு எத்தனை குரல் தேவை? அம்மன் பாட்டுக்குச் சுத்தமான குரல் ஒன்று. 1982இல் வந்த 'பயணங்கள் முடிவதில்லை' படத்துக் கிட்டார்ப் பாட்டு இல்லாமல் எந்த மேடையும் இறங்கவிடாது. அதற்கு அக்கொஸ்டிக் போல ஒன்று. நடுச்சாமத்தில் ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி'யில் தொடங்கும் பைலாவுக்குக் கொஞ்சம் கடித்துப் பேசுகிற குரல் ஒன்று. நாலாவது, மௌனம். மூன்று குரலும் ஒரு மௌனமும் போதும். மிச்ச எஃபெக்ட்கள் எல்லாம் பட்டியலில் இருந்தபடியே சாமி கும்பிடட்டும்.

இதற்கு நாலு சுவிட்ச் உள்ள கால் பலகை வேண்டும். பாட்டு நடக்கும்போது இரண்டு கையும் கிட்டாரில் இருக்கும். அம்ப்பில் எத்தனை திருகு இருந்தாலும் அவை அப்போது அலங்காரம்தான். காலுக்கு எட்டாத வசதி, வசதியே இல்லை.

அந்தப் பலகையைத் தெரிவு செய்வது பெண் பார்ப்பதைவிடச் சிக்கலான காரியம். அழுத்தினால் அப்படியே நிற்கிற ரகம் ஒன்று, காலை எடுத்ததும் விட்டுவிடுகிற ரகம் ஒன்று. அம்ப் ஒன்றை எதிர்பார்க்க நாம் மற்றதைக் கொடுத்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் இரண்டு மிதி மிதிக்க நேரும். பார்ப்பவர்கள் நமக்குச் சாமி வந்துவிட்டது என்று விபூதியோடு வருவார்கள். இரண்டு சுவிட்ச் பலகைக்கே ஸ்டீரியோ ஜாக் கேபிள் வேண்டும். மோனோ கேபிளைச் செருகினால் ஒரு சுவிட்ச் வேலைநிறுத்தம் செய்யும்.

இந்தப் பலகையைச் செய்கிறவர்கள் யோசிக்காத ஒன்று உண்டு. அவர்கள் மேடையில் பூட்ஸ். எங்கள் மேடை கோயில் வாசலில். செருப்பைக் கழற்றித்தான் ஏறவேண்டும். மார்கழிக் குளிரில் விறைத்த வெறுங்காலால் சின்ன இரும்புக் குமிழை மிதித்துப் பாருங்கள், 'சுராங்கனி' ஒப்பாரியாக மாறும். ஆகவே தட்டையான பெரிய தலை, தள்ளித்தள்ளி இருக்கிற சுவிட்ச், பனிமூட்டத்திலும் தெரிகிற லைட். இந்த மூன்றும் எந்த எஃபெக்டையும்விடப் பெரிய விஷயம்.

வெறுங்காலுக்கு எர்த் இன்னொரு பயம். கிட்டார்க் கம்பி அம்ப்பின் எர்த்தோடு சேர்ந்தது, மைக் வேறு பெட்டியின் எர்த்தோடு. ஜெனரேட்டரில் இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், உதடு மைக்கில் பட்டதும் பக்தி தானாகவே பொங்கும். வயர்லெஸ் மைக் ஒன்று வாங்கச் சொன்னேன். "அது அடுத்த திருவிழாவுக்கு" என்றார் பொருளாளர், என் உதட்டைப் பற்றி எந்தக் கவலையும் இல்லாமல்.

கால் தட்டுகிற வேகத்தைப் பிடித்து எதிரொலியை அதற்கேற்ப வைக்கிற டாப் டெம்போ நல்ல சாமான்தான். நிமிடத்துக்கு 120 அடி என்றால் அரைச் செக்கனுக்கு ஓர் எதிரொலி. ஆனால் ஆறுக்கு எட்டுத் தாளத்து பைலாவில் எந்த அடியைத் தட்டுவது என்று கால் தீர்மானிப்பதற்குள், முன்வரிசை ஆடத் தொடங்கிவிடும். புளூடூத் இருந்தே ஆகவேண்டும் என்றார் கட்டார்த் தம்பி. தீபாராதனை நேரம் அவருடைய வட்ஸ்அப் குரல் செய்தி அம்ப் வழியாகத் தோட்டம் முழுக்கக் கேட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அவர் மனைவி பக்கத்தில் நின்றார். தம்பி கோரிக்கையை வாபஸ் வாங்கினார்.

அரை வாட்டுக்குக் குறைக்கிற திருகுக்கு மட்டும் ஏகமனதாகக் கை தூக்கினார்கள். லயத்துக் காம்பராச் சுவர் கூரைவரை போவதில்லை. நான் இரவில் சாதகம் பண்ணினால் நாலு வீட்டுப் பிள்ளைகள் எழும்பும். அந்த நாலு வீட்டாரும் கமிட்டியில் இருந்தார்கள்.

கடைசியில் மாமா, நான் எழுதிக்கொடுத்த சாமான் சீட்டை வாசித்துவிட்டு, "இந்த நாலாவது சுவிட்ச் என்னாத்துக்கு?" என்றார். நடுவில் அரசியல் பிரமுகர் பேச வருவார், அப்போது சுருதி கூட்ட அம்ப் வாயை மூடியிருக்க வேண்டும், ஒரு மிதியில் சத்தம் அடங்கிவிடும் என்று விளக்கினேன்.

மாமா கொஞ்சநேரம் யோசித்தார். "அத பேச்சாளரோட மைக்குல மாட்டலாமா? மாட்டலாம்னா ரெண்டா வாங்கு. ஒன்னு என் காலுகிட்ட இருக்கட்டும்."