யார் கூட்டிவந்த கெஸ்ட்?

பள்ளங்கியில் சித்தப்பா வீட்டுக்குப் பின்னால் ரெண்டு ரூம் கட்டி வாடகைக்கு விட்ட காலத்தில், எங்களுக்கு விளம்பரம் என்றால் பெயிண்டர் எழுதிய ஒரு போர்டும், கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் நிற்கும் புரோக்கரும்தான். ஆள் கூட்டிவந்தால் கமிஷன். மே மாத சீசனில் ஒரே குடும்பத்துக்கு ரெண்டு பேர் உரிமை கொண்டாடுவார்கள்.

"நான்தான் முதல்ல பேசினேன்" என்பார் பஸ் ஸ்டாண்ட் ஆள். "வாசல்ல கொண்டாந்து இறக்கினது யாரு?" என்பார் ஜீப் டிரைவர்.

சித்தப்பா வந்தவர்களிடமே கேட்பார்: "யார் சொல்லி வந்தீங்க தம்பி?" பதில் ரிஜிஸ்டரின் கடைசிக் கட்டத்தில் ஏறும். 'டிரைவர்', 'போர்டு பார்த்து', 'போன வருசம் வந்த மதுரை சார்' என்று பென்சில் எழுத்து. எங்கள் பூண்டு மூட்டை வடுகப்பட்டி மண்டிக்குப் போன கணக்கோடு சேர்த்து அதையும் கூட்டிப் பார்ப்பார். ஒரு சீசன் முழுக்கப் போர்டு பார்த்து யாருமே வரவில்லை என்று தெரிந்ததும், மறுவருடம் பெயிண்டரைக் கூப்பிடவில்லை. எந்தக் கல்லூரியிலும் படிக்காத மனிதர் அவர். விளம்பரச் செலவை அளக்க அதைவிட நேர்மையான வழியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இன்று ரூம்கள் கூடிவிட்டன. விளம்பரம் கூகுளிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓடுகிறது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். சண்டை மட்டும் அதேதான். சென்னையில் ஒருவர் இன்ஸ்டாகிராமில் நம் விளம்பரத்தைத் தொட்டுப் பார்க்கிறார். நாலு நாள் கழித்து கூகுளில் தேடி, அங்கே வரும் விளம்பரத்தை கிளிக் செய்து புக் பண்ணுகிறார். கிளிக் செய்த 7 நாளுக்குள் புக்கிங் நடந்தால், இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா அதைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும். கூகுள் 30 நாள் வரை எடுத்துக்கொள்ளும். நாம் மாற்றாதவரை வழக்கமான கெடு அது. வந்து இறங்கியது ஒரு குடும்பம், ரெண்டு கம்பெனியின் விளம்பரத் திரையையும் கூட்டினால் ரெண்டு கன்வர்ஷன், அதாவது விளம்பரத்தால் கிடைத்ததாக எண்ணும் பலன். முன்பெல்லாம் கடைசி கிளிக்குக்கே கூகுள் முழுப் பெருமையும் கொடுத்தது, வாசலில் இறக்கிய ஜீப் டிரைவருக்கே கொடுப்பது மாதிரி. 2021 முதல், புதிதாக அமைக்கும் கன்வர்ஷன்களில் பல கிளிக்குகளுக்கும் தானே பங்கு பிரித்துக் கொடுக்கிறது. எந்தக் கணக்கில் பிரித்தது என்பது நமக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. எதை எண்ணச் சொல்கிறோமோ அதைத்தான் திரை எண்ணும். போன் பட்டனைத் தொட்டாலே கன்வர்ஷன் என்று அமைத்துவிட்டால், தொட்டவர் எல்லாரும் கணக்கில் வருவார்கள். உதாரணமாக, உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. இ-பாஸ் தேடுகிறவருக்கும் ரூம் விளம்பரம் போய் நிற்கும். அவர் பட்டனை அழுத்தி, "பாஸ் எடுத்துத் தருவீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். திரையில் எண் ஏறியிருக்கும், ரூம் காலியாகக் கிடக்கும். 'இ-பாஸ்' என்ற சொல்லை, தேடினாலும் விளம்பரம் காட்டக் கூடாத சொற்களின் விலக்குப் பட்டியலில் போட வேண்டும். புக்கிங் முடிந்து வரும் நன்றிப் பக்கத்தில் கன்வர்ஷனை எண்ணும் நிரலை வைத்தவர்கள், ஒரு கிளிக்குக்கு ஒன்று மட்டும் எண்ணும்படி மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கெஸ்ட் பக்கத்தை ரீலோட் செய்யும்போதும் எண் ஏறலாம்.

கணக்காகவே பார்ப்போம். மாதம் 6,000 ரூபாய் விளம்பரத்துக்குப் போகிறது, திரை 30 கன்வர்ஷன் காட்டுகிறது என்று வையுங்கள். ஒன்றுக்கு 200 ரூபாய், மலிவாகத் தெரியும். அதில் அட்வான்ஸ் கட்டியவர்கள் 4 பேர் என்றால், ஒரு புக்கிங்குக்கு ஆன செலவு 1,500. ஒரு ராத்திரி வாடகையில் பெரும்பங்கு அதிலேயே போய்விடும். விளம்பரத்தைக் கூட்டுவதா நிறுத்துவதா என்பதை இந்த இரண்டாவது எண்தான் சொல்ல வேண்டும்.

பள்ளங்கி, வில்பட்டிப் பக்கம் ரூம் விடுகிற அண்ணன் தம்பிகள் அடுத்த சீசனுக்குப் பட்ஜெட்டை ஏற்றும் முன், அட்வான்ஸ் வந்த பெயர்களைத் தனியாக எழுதி, திரையின் எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் வராத எதையும் புக்கிங் என்று எண்ணாதீர்கள்.