வராத இளவரசரும் நடந்து வந்த மக்னாவும்

இங்கிலாந்தின் வருங்கால ராஜா நம்ம ஆனைமலைக்கு வேட்டையாட வருவதாக இருந்தது, தெரியுமா உங்களுக்கு? நெசமாத்தானுங்க. வருஷம் 1875. விக்டோரியா மகாராணியின் மூத்த மகன், பட்டத்து இளவரசர் எட்வர்டு, இந்தியா டூர் கிளம்பினார். பம்பாயில் இறங்கி, கப்பலில் பேப்பூர் வந்து, அங்கிருந்து ஆனைமலை ஏறி, கண்ணில் பட்டதையெல்லாம் சுடுவது என்று புரோகிராம். யானைகளிடம் மட்டும் யாரும் தேதி கேட்கவில்லை.

மலை பரபரத்தது. வால்பாறைப் பக்கம் அவருக்காகப் பாதை வெட்டினார்கள், தங்குவதற்கு வீடுகள் கட்டினார்கள், சிப்பாய், குதிரை, யானை என்று சகலமும் வேலைக்கு இறங்கின என்று இன்றைக்கும் சொல்வார்கள். மந்திரி வருகிறார் என்றதும் ராத்திரியோடு ராத்திரியாக ரோட்டுக்குத் தார் ஊற்றுகிற வழக்கம் நேற்று வந்தது என்று நினைத்தீர்களா? இளவரசருக்காக யானையை விட்டே பாதை போட்டு, அதே பாதையில் போய் யானையைச் சுடுவதாக ஏற்பாடு. நல்ல கூத்து!

கடைசி நேரத்தில் காலரா முந்திக்கொண்டது. தெற்கே வாந்திபேதி பரவுகிறது என்று தெரிந்ததும் ஆனைமலை புரோகிராம் கேன்சல். சூரியன் மறையாத சாம்ராஜ்யத்தின் வாரிசைக் கேட்டிலேயே திருப்பி அனுப்பியது, கண்ணுக்கே தெரியாத ஒரு கிருமி.

ஆனாலும் மனுஷர் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. கப்பலை இலங்கைக்குத் திருப்பி, அங்கே ஒரு யானையைச் சுட்டு, பக்கத்தில் போய் அதன் வாலை அறுத்து எடுத்துக்கொண்டார். வால்! நாலு டன் யானையில் ஞாபகார்த்தமாகக் கொண்டுபோகத் தோன்றியது அதுதான். திரும்புகிற வழியில் அவர் வந்த வண்டி குடை சாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. சாபம் கீபம் என்று நான் எதுவும் சொல்லவில்லை; நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

இளவரசரை மட்டும் குற்றம் சொல்வானேன். ஆனைமலைக்கு வந்த பெரிய மனிதர்கள் முக்கால்வாசிப் பேருக்கும் இருந்தது ஒரே வியாதி. இந்த மலை இத்தனை காலமும் தங்களுக்காகத்தான் காத்துக்கொண்டு நிற்கிறது என்கிற நம்பிக்கை.

இளவரசருக்கும் முன்னால் வந்தது பிரிட்டிஷ் கப்பற்படை. கப்பல் கட்டுகிற ஓக் மரம் போதவில்லை. தேக்கோ எண்ணெய்ப் பிடிப்புள்ள மரம். கடல் புழு சுலபத்தில் துளைக்காது, இரும்பு ஆணி அடித்தாலும் கெடாது. ஆகவே பம்பாய் கப்பல் பட்டறையிலிருந்து ஆனைமலைத் தேக்கின்மேல் கண் விழுந்தது. வெட்டலாம். ஆனால் அம்மாம் பெரிய மரத்தை எப்படிக் கீழே இறக்குவது? யானையை விட்டு இழுத்துவந்து, மலை விளிம்பில் வைத்து, ஒரே தள்ளு. அடிவாரம் போய்த்தான் நிற்கும். அங்கிருந்து மாட்டு வண்டி, பிறகு பொன்னானி ஆறு, பிறகு கடல். உலகத்தின் மிகப் பெரிய கடற்படைக்கு நம்ம ஊரில் கிடைத்த உயர்ந்த தொழில்நுட்பம், சறுக்கு மரம். அந்த இடம்தான் டாப்ஸ்லிப். பொள்ளாச்சியிலிருந்து பஸ் ஏறி, சேத்துமடை வழியாக மேலே போய், ஆவி பறக்க டீ குடித்து, குரங்கிடம் முறுக்கைப் பறிகொடுத்துவிட்டு வருகிறோமே, அதே இடம்.

மரத்தையெல்லாம் உருட்டிய பிறகுதான் சர்க்காருக்கு ஞானம் வந்தது. 1856-இல் மதராஸ் மாகாணத்தின் முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெகார்ன் என்பவரை நியமித்தார்கள். அவருடைய தொழில் என்ன தெரியுமா? டாக்டர். பேஷன்ட் ஐ.சி.யூ.வுக்குப் போன பிறகுதான் டாக்டருக்கு ஆள் அனுப்பினார்கள்.

அடுத்து, பெயர் வைக்கிற படலம். 1881 முதல் 1886 வரை மதராஸ் கவர்னராக இருந்தவர் மவுன்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப். பெயரை ஒரே மூச்சில் சொன்னால் டாப்ஸ்லிப் ஏறிய மாதிரி இருக்கும். துரை காட்டுக்கு வந்தார், பார்த்தார், ஒரு பகுதிக்கு மவுன்ட் ஸ்டூவர்ட் என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயரும் அவர் சம்பாதித்ததில்லை. அவர் அப்பா, தான் மதித்த மவுன்ட்ஸ்டுவர்ட் எல்பின்ஸ்டன் நினைவாகப் பையனுக்கு வைத்தது. ஆக, மலைக்குக் கிடைத்தது செகண்ட் ஹேண்ட் பெயர்.

பெயர் போட்டியில் இந்திரா காந்தியை விட்டுவிட முடியுமா? 1961 அக்டோபர் 7. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்தைத் தொடங்கி வைக்க நேரு வந்திருந்தார். அதே நாளில் மகளும் டாப்ஸ்லிப்பைப் பார்த்தார். அப்போது அவர் பிரதமர் இல்லை, மந்திரிகூட இல்லை. 1976-இல் சரணாலயம் ஆன அந்தக் காட்டுக்கு, பின்னால் அவர் பெயரே வைக்கப்பட்டது. ஒரு நாள் விசிட்டுக்கு 958 சதுர கிலோமீட்டர்! அப்புறம் புலிகள் காப்பகம் ஆனபோது பழையபடி ஆனைமலை என்றே பெயர் வைத்தார்கள். புலிக்கும் யானை பெயர்தான் கிடைத்தது, பாவம்.

இத்தனை பேரிலும் எனக்குப் பிடித்தவர் ஹியூகோ வுட். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வன அதிகாரி. மரத்தை வேரோடு பிடுங்காதே, தரையோடு வெட்டி அடிக்கட்டையை விடு, அது துளிர்க்கும் என்று கண்டிப்பாகச் சொன்னவர். கோட்டுப் பை நிறையத் தேக்கு விதை, கையில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. நடக்க நடக்கத் தடியால் குத்துவார், குழியில் விதையைப் போடுவார், மேலே மிதித்துவிட்டுப் போவார். வாக்கிங் போனால் சர்க்கரை குறையும் என்று நடக்கிற நம்மைப் போல இல்லை. அவர் வாக்கிங் போனால் காடு வளர்ந்தது.

1933-இல் காலமானவர், தன் தேக்கு மரங்களுக்கு நடுவிலேயே புதைக்கச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வாசகம். என் நினைவுச் சின்னம் வேண்டுமானால் சுற்றிப் பார் என்கிற அர்த்தம். அடக்கமான மனுஷர் என்று நாம் கண்கலங்குவதற்குள் ஒரு விஷயம்: லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் கல்லறையில் இருக்கிற அதே வாசகம்தான் இது. காப்பி, பேஸ்ட்! போகட்டும், ரென் கட்டிய தேவாலயம் தானாகத் துளிர்க்காது. இன்னொன்றையும் மெதுவாகச் சொல்லிவிடுகிறேன். அடர்ந்த காடு என்று அங்கே நாம் செல்ஃபி எடுக்கிறோமே, அந்தத் தேக்கில் நிறைய, வரிசை பிடித்து நட்ட தோட்டம்.

துரைமார் கதை இப்படி. காட்டின் நிஜமான உத்தியோகஸ்தர்களைப் பார்க்க வேண்டுமென்றால் கோழிகமுத்தி யானை முகாமுக்குப் போக வேண்டும். காலையில் ஆற்றில் குளியல், பிறகு கொள்ளு, ராகி, வெல்லம், உப்பு எல்லாம் பிசைந்த கவளம். ஒரு உருண்டையை வாயில் வாங்கும்போதே அடுத்த உருண்டையின் அளவைக் கண்ணால் எடை போடும். பாகன்கள் பெரும்பாலும் மலசர் ஜனங்கள். யானைக்குப் பல் வலியா, மனக்குறையா என்று காதசைவை வைத்தே சொல்லிவிடுவார்கள். மலையில் இவர்கள் பெயரில் எதுவும் இல்லை.

இங்கேதான் கலீம் இருக்கிறான். 1972-இல் சத்தியமங்கலம் காட்டில் குட்டியாகப் பிடிபட்டு, காட்டு யானைகளைப் பிடிக்கவும் விரட்டவும் பழக்கிய கும்கியாகி, 99 ஆபரேஷன்களில் வேலை பார்த்தவன். 60 வயதானதும், 2023 மார்ச்சில் ரிட்டயர்மென்ட். வனத்துறையினர் வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். இன்னும் ஒன்று பண்ணியிருந்தால் செஞ்சுரி. நம்ம ஆள் அலட்டிக்கொள்ளவில்லை. ரெக்கார்டுக்காக எக்ஸ்டென்ஷன் கேட்டு ஆபீஸ் படி ஏறாத ஒரே அரசு ஊழியர்.

சின்னத்தம்பி வேறு ரகம். கோவை தடாகம் பக்கம் சுற்றியவனை 2019 ஜனவரியில் பிடித்து ஆனைமலையில் விட்டார்கள். பிடிக்கவில்லை போலிருக்கிறது; இறங்கி நடந்து உடுமலைப் பக்கம் கரும்புக் காட்டில் செட்டில் ஆகிவிட்டான். விரட்டக் கொண்டுவந்த கும்கிகளிடமே சிநேகமாகிவிட்டான். ஊரே அவன் பக்கம், ஹேஷ்டேக் எல்லாம் பறந்தது. பிப்ரவரியில் மறுபடி பிடித்து, முகாமில் வைத்து கும்கியாக்கினார்கள். போராளியாகப் போனவர் போலீஸாகத் திரும்பி வந்தார்.

அந்த போலீஸுக்கு 2023 பிப்ரவரியில் ஒரு கேஸ் வந்தது. தர்மபுரிப் பக்கம் ஒரு மக்னா, அதாவது தந்தமில்லாத ஆண் யானை. பிடிக்கப் போனது சின்னத்தம்பி. கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி, லாரியில் ஏற்றி, டாப்ஸ்லிப் பக்கம் வரகளியாறு காட்டில் கொண்டுவந்து விட்டார்கள். இளவரசருக்காக ஏங்கிய மலை, தேக்குக்காகக் கப்பற்படையே அலைந்த மலை. மக்னாவுக்கு அது செட் ஆகவில்லை.

கிளம்பிவிட்டது. பொள்ளாச்சி, அப்புறம் நம்ம கிணத்துக்கடவு, அப்புறம் மதுக்கரை என்று கிட்டத்தட்ட பஸ் ரூட் பிடித்து வந்து, கோயம்புத்தூர் குனியமுத்தூருக்குள்ளேயே நுழைந்துவிட்டது. அது எங்கே இருக்கிறது என்று காலர் கரெக்டாகக் காட்டியது. அதனால் என்ன? ஜி.பி.எஸ். சொல்கிற இடத்துக்கெல்லாம் ஜீப் பின்னாலேயே ஓடியது, அவ்வளவுதான். வந்தாரை வரவேற்கிற ஊர்தான் நம்முடையது. ஆனால் மக்னாவிடம் ‘வாங்க, எந்தூருங்க நீங்க’ என்று கேட்க ஒருத்தரும் கதவைத் திறக்கவில்லை.

கடைசியில் பேரூர்ப் பக்கம் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். லாரியில் ஏற்ற வந்தது யார் என்கிறீர்கள்? அதே சின்னத்தம்பி. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தபோது என்ன பேசிக்கொண்டார்களோ! இந்த முறை மானாம்பள்ளிக் காடு. அங்கேயும் மக்னா தங்கவில்லை. இறங்கி சரளப்பதித் தென்னந்தோப்புகளில் டேரா போட்டுவிட்டது. ஜூலை 31-இல் மூன்றாவது முறையாகப் பிடித்தார்கள். இப்போது சின்னக்கல்லாறு. தமிழ்நாட்டிலேயே மழை அதிகம் கொட்டுகிற இடங்களில் ஒன்று. வெயிலில் நடந்து பழகிய ஆள் மழைக்குப் பயந்தாவது உள்ளே இருக்கும் என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ. மக்னாவிடம் தேதி கேட்காத குறை இந்தத் தடவையும் அப்படியேதான்.