சின்னக் கல்வராயனா, பெரிய கல்வராயனா?

கேள்வி: ஆய்வகக் கருவி தன்னைத் தானே டியூன் செய்துகொள்ளுமாமே, எப்படி?
– கல்லூரி மாணவி, சங்கராபுரம்

பதில்: மூடுபனியில் கல்வராயன் மலை ஏறுகிற மாதிரிதான்! மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்குள், உடைந்தால் என்ன எடையில் துணுக்குகள் வரும் என்று தெரிந்த ஒரு ரசாயனத்தின் ஆவியை விடுவார்கள். 69, 219, 502 ஆகிய எடைகளில் சிகரங்கள் எழ வேண்டும். மென்பொருள் ஒரு லென்ஸின் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கும். சிக்னல் ஏறினால் அதே திசையில் இன்னொரு அடி, இறங்கினால் பின்வாங்கல். நெல்டரும் மீடும் 1965-இல் தந்த சிம்ப்ளெக்ஸ் முறை, பல அளவுகளைச் சேர்த்தே நகர்த்தும்.

ஆபத்தும் உண்டு. மென்பொருள் சின்னக் கல்வராயன் உச்சியைத் தொட்டதுமே, பெரிய கல்வராயனை எட்டிவிட்டதாக நின்றுவிடும். அதனால் வெவ்வேறு அடிவாரங்களிலிருந்து ஏறவிட வேண்டும். முடிந்தபின், அளவு தெரிந்த கரைசலை ஓட்டிச் சரிபார்த்தே தீர வேண்டும்.

இதெல்லாம் ஏன் முக்கியம்? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மெத்தனாலைத் தனியே பிரித்துக் காட்டும் கேஸ் குரோமடோகிராஃப் மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இருந்தே ஆக வேண்டும் என்பேன். நடுராத்திரியில் நிபுணரைத் தேட முடியாது. தானே சரிசெய்துகொள்ளும் கருவி இருந்தால், டியூட்டி டெக்னீஷியனே முடிவைக் கையில் கொடுத்துவிடுவார். டாக்டர் மாற்று மருந்தை அப்போதே ஏற்றலாம்.