வாசல் திறந்தாயிற்று

சொந்தக் கம்ப்யூட்டரில் இணையதளம் ஏற்றிவிட்டு, 192.168 என்று தொடங்கும் முகவரியை ஊருக்கெல்லாம் அனுப்பி, "பார்த்தியா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது எதிர்வீட்டுக்கே எட்டாத முகவரி. சரி, ரவுட்டரில் 443-ஆம் போர்ட்டைத் திறந்தாயிற்று. அப்போதும் ஈ, காக்கை இல்லை. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி, பற்றாக்குறை. அதனால் இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்குபோட்டுவிடுகிறது. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 என்று தொடங்கினால் நீங்களும் அந்தக் கூட்டுக்குடித்தனத்தில்தான்.

கூடுதல் காசு கட்டித் தனி முகவரி வாங்குங்கள். அன்றைக்கே கூட்டம் வரும். லாக் கோப்பைத் திறந்தால் அத்தனையும் பாட்கள், வேர்ட்பிரஸ் லாகின் பக்கத்தைத் தட்டிக்கொண்டு. உங்கள் தளத்தில் வேர்ட்பிரஸே கிடையாது. மச்சானிடம் கேட்டால், "லிங்க் வந்துச்சு மாப்ள, அப்புறம் பார்க்கிறேன்."