சங்கிலித் தளர்வு விசாரம்

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒருவர் வீட்டுப் போர்ட்டிகோவில் கூடி, பழைய போர்வை ஒன்றை விரித்து, அதன்மீது ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கி, வண்டியைத் தாங்களே பழுது பார்க்கக் கற்றுக்கொள்ளும் வழக்கம் சென்னை முதலிய நகரங்களில் வேரூன்றிவிட்ட பின்னரும், நெற்றித் திருமண்ணின் வடிவம் வரையில் தீர விசாரித்து வழக்காடிய நம் பண்டித உலகம் இவ்விஷயத்தைத் தீண்டாமல் விட்டது ஏனென்று விளங்கவில்லை. அக்குறையைச் சிறிதளவேனும் நீக்குவது இவ்வியாசத்தின் பிரயோஜனம். இத்தகைய கூட்டங்களால் வண்டி அடையும் நன்மை சொற்பம். மாறுவது வண்டியன்று, வண்டிக்காரன் எதனைப் பிரமாணமாகக் கொள்கிறான் என்பதே என்று நாம் துணிகிறோம்.

ஆராய்ச்சிக்குரிய வாகனமாகப் பழைய புல்லட்டைக் கொண்டதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்ட் இந்தியாவைத் தோற்றுவித்து, பின்னர் திருவொற்றியூரில் உற்பத்தி செய்துவந்த அந்த 346 சி.சி. வண்டி, கியரை வலக்காலிலும் பிரேக்கை இடக்காலிலும் வைத்திருந்ததாலும், எந்த நோய் வந்தாலும் மறைக்காமல் உரத்துச் சொல்லிவிடும் சுபாவம் உடையதாதலாலும், புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்தால் பாகங்கள் அகப்படுவதாலும், ஜிஜ்ஞாசுக்களுக்கு ஏற்றது. ஊசி மூலம் பெட்ரோல் செலுத்தும் இக்காலத்து வண்டிகளோ தம் பிணியைக் கம்ப்யூட்டரிடம் மட்டுமே சொல்லும் மடிசஞ்சிகளாகையால் அவற்றை விலக்கினோம்.

நையாயிகர்கள் பிரத்யட்சம், அனுமானம், உபமானம், சப்தம் என நான்கு பிரமாணங்களை அங்கீகரிப்பர். கூட்டத்துக்குப் புதிதாக வருபவனிடம் இருப்பது கடைசியான சப்தப் பிரமாணம் ஒன்றே. அதாவது, "டாப்பெட் அடிக்குது சார், முந்நூறு ஆகும்" என்று மெக்கானிக் சொன்ன ஆப்த வாக்கியம். வைஷ்ணவர் வழக்கில் சொன்னால் அவன் இதுகாறும் மார்ஜார நியாயத்தில் வாழ்ந்தவன். பூனை தன் குட்டியைக் கவ்விக்கொண்டு போவதைப்போல மெக்கானிக் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவார், மாலையில் திருப்பித் தருவார், இடையில் நிகழ்ந்தது பகவத் சங்கல்பம். அவனை மர்க்கட நியாயத்துக்கு மாற்றி, குரங்குக் குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்வதுபோல ஸ்பேனரைப் பற்றச் செய்வதே கூட்டத்தின் நோக்கம்.

பற்றும் முதல் அங்கம் கட்டைவிரல். பிளக்கைக் கழற்றிவிட்டு, அந்தத் துவாரத்தில் கட்டைவிரலை வைத்து அடைத்துக்கொண்டு, கிக்கரை மெல்ல அழுத்தினால், பிஸ்டன் அமுக்க வீச்சில் மேலேறும்போது காற்று விரலைப் பிதுக்கித் தள்ளும். வால்வுகள் இரண்டும் மூடியிருக்க, பிஸ்டன் உச்சிக்கு வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரத்யட்சம் இல்லை. அந்நிலையில், இஞ்சின் குளிர்ந்திருக்கையில், பக்கவாட்டிலுள்ள சிறு மூடியை நீக்கி, புஷ் ராடை இரு விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுழலவும் வேண்டும், மேலும் கீழும் ஆடாமலிருக்கவும் வேண்டும். இவ்வளவே டாப்பெட் சாஸ்திரம். ஆனால் 'தடையின்றி' என்பது எவ்வளவு என்று புஸ்தகம் சொல்லாது. "இப்படித்தான் இருக்கணும் தம்பி, தொட்டுப் பாரு" என்று பக்கத்திலிருப்பவர் தம் விரலை எடுத்துவிட்டு நம் விரலுக்கு இடம் தருவதைத் தவிர இந்த ஞானம் கைமாறுவதற்கு வேறு மார்க்கம் காணோம்.

அனுமானத்துக்கு உதாரணம் பிளக்கின் முனை. கரி படிந்திருந்தால் பெட்ரோல் மிகுதி, வெளுத்திருந்தால் காற்று மிகுதி, எண்ணெய் பிசுபிசுத்தால் ரிங்குகளுக்கு வயதாகிவிட்டது, பிஸ்கட் நிறமாயிருந்தால் எல்லாம் க்ஷேமம். உபமானத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. "என் வண்டியிலும் இதே சத்தம்தான் வந்தது" என்று ஒருவர் தொடங்கினால் அரைமணி நேரம் போய்விடும்.

இனிச் சங்கிலி. பின்சக்கரத்தை ஓட்டும் இச்சங்கிலி சுமார் ஓர் அங்குலம் ஏறி இறங்கும் தளர்வுடன் இருக்க வேண்டும் என்பதில் எல்லாச் சம்பிரதாயத்தாரும் ஒருமனப்பட்டவர்களே. அந்த அங்குலத்தை எப்போது அளப்பது என்பதில்தான் உலகம் இரண்டுபட்டது. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைச் சுற்றி, எல்லா இடத்திலும் சங்கிலி ஒரேயளவு தேய்வதில்லையாதலின் மிக இறுகிய இடத்தைக் கண்டுபிடித்து அங்கே அளக்கவேண்டும் என்பது ஸ்டாண்டுக் கட்சி. பின்சக்கரத்தைத் தாங்கும் கவையின் அச்சும் சங்கிலியை இழுக்கும் முன்பற்சக்கரத்தின் அச்சும் வேறுவேறு இடத்தில் இருப்பதால், ஆள் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது சங்கிலி இன்னும் இறுகும். ஆகையால் ஸ்டாண்டில் பார்த்த தளர்வு மாயை, ஆளேற்றி அளப்பதே பரமார்த்தம் என்பது பாரக் கட்சி. ஸ்டாண்டுக் கட்சியார் இதற்கு, அந்த இறுக்கத்துக்கும் இடம்விட்டே உற்பத்தியாளர் அங்குலக் கணக்கைச் சொல்லியிருக்கிறார் என்று சமாதானம் கூறுவர். பாரக் கட்சியார் உடனே, உற்பத்தியாளர் மனத்தில் நினைத்தது எத்தனை கிலோ ஆசாமியை என்று கேட்பர். இவ்விடத்தில் கூட்டத்திலேயே ஸ்தூல தேகியான ஒருவர், டீக்கிளாஸும் கையுமாக, வண்டிமீது ஏற்றப்படுகிறார். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவராயினும் இவர் வராத வாரங்களில் சங்கிலி விஷயம் ஒத்திவைக்கப்படுவதை நோக்குமிடத்து, பராமரிப்புக் கருவிகளுள் இரவல் வாங்க முடியாதது இவர் ஒருவரே என்பது பெறப்படும்.

சங்கிலியை இறுக்க அச்சின் இருபுறமும் நத்தைச் சுருள் வடிவில் வெட்டுப் பற்கள் கொண்ட கேம்கள் உள்ளன. இருபுறமும் ஒரே பல்லில் நிறுத்தினால் சக்கரம் நேராக நிற்கும் என்பது சாமானிய விதி, அதையும் நம்பாமல் இரு சக்கரங்களையும் ஒட்டி நூல் பிடித்துப் பார்ப்பது விசேஷ விதி. சக்கரம் பின்னே நகர்ந்ததும் பிரேக் கம்பியின் கணக்கு தவறிவிடும். அதைத் திருத்தினால் பிரேக் விளக்கு மிதிக்காமலே எரியும், அல்லது மிதித்தாலும் எரியாது. காரியமொன்று தானே காரணமாகி அடுத்த காரியத்தைப் பிறப்பிக்கும் இந்தப் பரம்பரைக்கு முடிவு காண்பது மத்தியானச் சாப்பாட்டு நேரம்தான்.

இவ்வளவும் நடக்கையில் டார்ச் பிடிப்பவனின் ஸ்தானத்தையும் குறிப்பிட வேண்டும். கடைசியாகச் சேர்ந்தவனுக்கு அளிக்கப்படும் தாழ்ந்த பதவி அது என்பது பொது அபிப்பிராயம்; நாம் அதற்கு உடன்படோம். ஸ்பேனர் பிடிப்பவனுக்குத் தெரிவது நட்டு ஒன்றே, அதுவும் தன் கையே மறைக்காத பகுதி. டார்ச் பிடிப்பவனோ முழுவதையும் பார்க்கிறான். மேலும், தனக்கு எதைப் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கமே வெளிச்சத்தை அடித்து, வேலை எத்திசையில் செல்வது என்பதை வாய் திறவாமல் நிர்ணயிக்கிறான். "மேலே இறுக்காதே, மரை போயிடும்" என்னும் உபதேசமும் பெரும்பாலும் அவனிடமிருந்தே வருகிறது, சற்றுத் தாமதமாக.

எஞ்சியிருப்பது மெக்கானிக்கின் கேள்வி. எந்த வண்டியை எந்தக் கடையில் நிறுத்தினாலும், மெக்கானிக் இருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல யார் கை வெச்சது?" என்று வினவுவது நாடறிந்த மரபு. இது அறியா வினாவன்று. முன்னே தொட்டவன் மூடன் என்னும் தீர்ப்பின் வினா வடிவம். முற்காலத்தில் வண்டிக்காரன் வேறொரு கடையைக் கைகாட்டித் தப்பினான். ஞாயிற்றுக் கூட்டத்தானோ, "நாங்கதான்" என்று பன்மையில் விடையிறுக்கிறான். அப்பன்மைக்குள் தேடினால் குற்றவாளி அகப்படான் என்பதால் விசாரணை அத்துடன் நின்றுவிடுகிறது. அவ்வாறு ஒரு திங்கட்கிழமை நின்றபோது, மெக்கானிக் வேறெதுவும் பேசாமல் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, சங்கிலியை விரலால் தட்டிப் பார்த்து, இருபுறமும் ஒரு பல் தளர்த்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். தளர்த்தியதைத் தங்கள் சித்தாந்தத்துக்குச் சான்றென்று பாரக் கட்சியாரும், ஸ்டாண்டில் ஏற்றி அளந்ததைத் தங்கள் சித்தாந்தத்துக்குச் சான்றென்று ஸ்டாண்டுக் கட்சியாரும் இன்றளவும் எடுத்துக்காட்டி வருகின்றனர்.