ட்ரைபாட் மகாத்மியம்

இதை எழுதுகிற சமயத்தில் என் வலது தோளில் அமிர்தாஞ்சனம் காய்ந்துகொண்டிருக்கிறது. ஆகையால் கட்டுரையில் ஆங்காங்கே எரிச்சல் தென்படுமானால், அதில் ஒரு பாதியைத் தைலத்தின் கணக்கில் எழுதிக்கொள்ளுமாறு வாசகர்களை வேண்டுகிறேன். மறு பாதி, சென்ற ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கொடைக்கானலை அடுத்த வட்டக்கானலிலிருந்து டால்பின்ஸ் நோஸ் பாறை வரையில் என் தோள்மீது பிரயாணம் செய்து, காலை விரிக்காமலே அதே தோள்மீது திரும்பி வந்த ட்ரைபாடைச் சேரும். அந்தப் பாதை போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம் என்பதை, மர வேர்களையே படிகளாகக் கொண்டு அங்கே ஏறி இறங்கியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

மலைகளில் நடந்து இயற்கைக் காட்சிகளைப் படமெடுக்கத் தொடங்குகிறவர்கள் அனுசரிக்க வேண்டிய இரண்டு விதிகளை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம். முதல் விதி ட்ரைபாடைப் பற்றியது.

காமிரா வாங்கிய அன்றே நாம் எல்லோரும் அதையும் வாங்கிவிடுகிறோம். "விடியக்கால வெளிச்சத்துல ஷட்டர் கால் செகண்டு, அரை செகண்டு திறந்திருக்கும் சார், கை ஆடிடும்" என்கிறார் கடைக்காரர். அது சாஸ்திர சம்மதமான உண்மையாகையால் எதிர்வாதம் செய்ய வழியில்லை. பிறகு அலுமினியத்தில் ஒன்றைத் தூக்கிக் காட்டி, நம் முகம் சுருங்குவதைக் கவனித்து, கனம் குறையக் குறைய விலை ஏறுகிற கார்பன் ஃபைபர் என்னும் அதிசயப் பதார்த்தத்தை எடுத்து வைக்கிறார். கனமற்றதை அதிக விலைக்கு வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்ததும், கனமில்லாத ட்ரைபாட் காற்றில் ஆடுமாகையால் அதன் நடுத்தண்டின் கொக்கியில் பையை மாட்டிக் கனமாக்க வேண்டும் என்று நிபுணர்கள் உபதேசிக்கிறார்கள். பணம் கொடுத்துக் கனத்தைக் குறைப்பதும், குறைத்த இடத்தில் மறுபடி கனத்தைக் கட்டித் தொங்கவிடுவதும் வேறெந்தக் கலையிலாவது உண்டா?

உபதேசம் அத்தோடு நிற்பதில்லை. நடுத்தண்டை உயர்த்தாதே, ஆட்டம் காணும் என்கிறார்கள். உயர்த்தக் கூடாத தண்டுக்கு உயர்த்துகிற திருகு எதற்கு என்று கேட்டால் மௌனம் சாதிக்கிறார்கள். லென்ஸில் கை நடுக்கத்தைத் தணிக்கும் வசதி வேண்டுமென்று தனியே பணம் கட்டி வாங்கியிருப்போம். ட்ரைபாடில் ஏற்றிய மறுகணம் அதை அணைத்துவிட வேண்டுமாம். கால்களின் பருத்த பகுதியை முதலில் நீட்டு, மெலிந்ததைக் கடைசியாக நீட்டு. சரிவான இடத்தில் இரண்டு கால்கள் கீழ்ப்புறம், ஒன்று மேற்புறம். இவ்வளவையும் சிரத்தையாக நிறைவேற்றி நிமிர்வதற்குள், எந்தப் பள்ளத்தாக்கைப் படமெடுக்க வந்தோமோ அந்தப் பள்ளத்தாக்கு மூடுபனிக்குள் போய்விட்டிருக்கும்.

சாமுவேல் போர்ன் என்ற வெள்ளைக்காரர் 1866ஆம் ஆண்டில் இமயமலையின் மணிராங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் படமெடுத்தவர். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது உலர்வதற்குள் காட்சியைப் பதித்து, கூடாரத்தின் இருளில் உடனே கழுவவும் வேண்டியிருந்தது. கையில் பிடித்து எடுக்கிற பேச்சுக்கே இடமில்லை. ஆகவே அவருக்கு ட்ரைபாட் நியாயமே. ஆனால் தகடுகளையும் மருந்துகளையும் கூடாரத்தையும் சுமக்க அவரோடு கூலியாட்களின் பெரும் பரிவாரம் சென்றது. அவருடைய தோளின் நிலையைக் குறித்துச் சரித்திரம் ஒன்றும் சொல்லவில்லை. பரிவாரத்தை விட்டுவிட்டு முக்காற் சனியனை மட்டும் பரம்பரைச் சொத்தாகப் பெற்றவர்கள் நாம். இத்தனைக்கும் இன்றைய காமிராவில் ஐஎஸ்ஓவை 1600க்கு உயர்த்தி, முழங்கையைப் பாறையில் ஊன்றினால் பெரும்பாலான காலைப் படங்கள் ஆடாமல் வந்துவிடும். இதைச் சொன்னால் நண்பர்கள் என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறார்கள்.

அந்தப் பார்வையையாவது பொறுத்துக்கொள்ளலாம். வழியில் டீ போட்டுக் கொடுத்த அம்மாள், என் தோளை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ரோடு அளக்க வந்திருக்கீங்களா சார்? இந்த வருஷமாச்சும் போட்டுருவாங்களா?" என்று கேட்டாள். படமெடுக்க வந்தவன் என்றதும் அவள் முகத்தில் தோன்றிய ஏமாற்றம், பனி விழுங்கிய பள்ளத்தாக்கைக் கண்டு எனக்கு உண்டானதைவிடப் பெரியது. அதற்குள் செல்போனில் நாலு படம் எடுத்து முடித்த இளைஞர் கூட்டமொன்று, சுட்ட மக்காச்சோளத்துக்கு மிளகாய்ப்பொடி போதவில்லை என்று தர்க்கம் செய்துகொண்டிருந்தது.

இனி இரண்டாம் விதி. மூடுபனியைக் கண்டால் காமிரா தன் அளவுக் கணக்கில் அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் கூட்டி வைத்தால் வெண்மை வெண்மையாகவே பதியும். மலையில் படமெடுக்கத் தொடங்குகிறவனுக்கு முதலில் தெரிய வேண்டியது இதுதான். இதற்குக் கடையில் எதையும் வாங்க வேண்டியதில்லை. ஆதலால் கடைக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை.