உதைத்துப் பார்க்கும் நிபுணர்

இலங்கைத்துறை மாமாவுக்குப் பெற்றோல் உயிர். விலை மாறுமோ என்று மாதக் கடைசியில் நடுச்சாமம் வரை விழித்திருப்பார். எந்த வெயிலிலும் காரில் ஏசி போடமாட்டார். இறக்கம் கண்டால் என்ஜினை நிறுத்திவிடுவார். பிரேக் இறுகிவிடுமே என்றால் சிரிப்பார். அந்தச் சமதரைப் பக்கத்தில் அவருக்கு வாய்த்த ஒரே மலை கிண்ணியாப் பாலத்தின் இறங்குமுகம்தான்.

டயருக்குக் காத்து? செருப்புக் காலால் ஓர் உதை. சத்தம் சரியென்றால் காத்தும் சரி.

மலிவு மீனுக்காகக் காரைக் கடற்கரையில் இறக்கும்போது மட்டும் நாலு டயரிலும் காத்தைத் திறந்துவிடுவார். அது நல்ல வேலைதான். தட்டையான டயர் மணலில் புதையாது. தார் ரோட்டில் ஏறியதும் திரும்ப அடிக்கவேண்டுமே? மீன் பழுதாகிவிடும்! அப்படியே ஈச்சிலம்பற்று, மூதூர், கிண்ணியா தாண்டிப் பட்டணம். ஒவ்வொரு சுற்றுக்கும் டயர் நசுங்கி, நிமிர்ந்து, சூடாகும். அந்தச் சூடு முழுக்க மாமா காசு கொடுத்து வாங்கிய பெற்றோல்.

டயர்களின் காத்தழுத்தம் சராசரியாக ஒரு பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் 0.2 சதவீதம் குறையும் என்பது அமெரிக்க எரிசக்தித் துறையின் கணக்கு. மாமாவின் டயரில் 30 இருக்கவேண்டிய இடத்தில் 18. 2022 யூலையில் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். அதில் கிட்டத்தட்ட அரை லீற்றர் இப்படியே போனது. லீற்றர் 450 ரூபாய் விற்ற காலம். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் நிற்கிற மாவட்டத்தில், மாமா பெற்றோல் செட் வாசலில் பாய் விரித்துப் படுத்தார்.

"மாமா, ரெண்டு ஓரமும் மொட்டை, நடு அப்பிடியே இருக்கு. காத்துக் குறைச்சு ஓடியிருக்கிறியள்" என்றான் டயர்க்கடைப் பொடியன், விரலால் தடவிக் காட்டி.

"ரோட்டுப் பிழை தம்பி."

புது டயர் போட்டாயிற்று. காருக்கு உரிய அளவு சாரதிக் கதவோரத்தில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. ஜப்பான் கார், சீட்டும் ஜப்பான் மொழி, அளவு கிலோபாஸ்கல். 30 பிஎஸ்ஐக்கு அதில் 210. மாமா பதறிப்போனார்: "வெடிச்செல்லோ போகும்!" அதைவிட நம்பிக்கையாக, டயரின் பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணை அடிக்கச் சொன்னார். அது டயர் தாங்கும் உச்சம் என்று பொடியன் சொன்னது காதில் ஏறவில்லை.

இப்போது ஓரம் புதுசு போல இருக்க, நடு தேய்கிறது. ரோட்டை நடுவில் உயர்த்திப் போட்டுவிட்டார்கள் என்று வீதிக் கந்தோருக்கு மாமா முறைப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறார்.